எலிகளுக்கு விருந்து வைத்த குன்னூர் டாக்டர்!

குழந்தைகளே, முதலில் உங்களுக்கு ஒரு கேள்வி!

ஊட்டிப் பக்கம் ஒரு வீட்டில் இரண்டு பசுக்கள் இருக்கின்றன. இரண்டும் ஒரே இனம், ஒரே வயது. முதல் பசுவுக்குப் பசும்புல், கொஞ்சம் பயறுவகைத் தழை, தவிடு, பிண்ணாக்கு, தாது உப்பு எல்லாம் கிடைக்கிறது. இரண்டாவது பசுவுக்கு வயிறு முட்ட வைக்கோல் கிடைக்கிறது. ஆனால், வைக்கோல் மட்டும்தான்! எந்தப் பசு அதிகமாகப் பால் கறக்கும்?

இதில் யோசிக்க என்ன இருக்கிறது, முதல் பசுதான் என்று சட்டென்று சொல்லிவிடுவீர்கள். சரியான பதில்!

இப்போது இரண்டாவது கேள்வி. இரண்டு பசுக்களுக்குமே வயிறு நிறைந்துதானே இருக்கிறது? பிறகு ஏன் பாலில் இத்தனை வித்தியாசம்?

வயிறு நிறைவது வேறு. உடம்புக்கு வேண்டியது கிடைப்பது வேறு. அதுதான் காரணம். மாட்டுக்கு மட்டுமா? மனிதர்களுக்கும் இதே கதைதான்! இதை ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பு நம் நீலகிரி மலையில், குன்னூரில் இருந்துகொண்டு நிரூபித்துக் காட்டினார் ஒரு டாக்டர். அதற்கு அவருக்கு உதவியவர்கள் யார் தெரியுமா? புறாக்களும் எலிகளும்! அந்த டாக்டரின் பெயர் சர் ராபர்ட் மெக்காரிசன்.

மலைகளைத் தேடி வந்த இளைஞர்

அயர்லாந்து நாட்டில் போர்ட்டடவுன் என்ற ஊரில் 1878-ஆம் ஆண்டு மார்ச் 15-ஆம் தேதி பிறந்தார் மெக்காரிசன். பெல்ஃபாஸ்ட் நகரில் மருத்துவம் படித்தார். அப்போது இந்தியா ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்த அவர், 1901-இல் கப்பல் ஏறி இந்தியாவுக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 23.

அவரை அனுப்பி வைத்த இடம் எது தெரியுமா? அன்றைய இந்தியாவின் வடமேற்கு மூலையில் இருந்த சித்ரால். அதன் பிறகு கில்கிட். சுற்றிலும் வானத்தைத் தொடும் பனி மலைகள். ஒரு கிராமத்திலிருந்து அடுத்த கிராமத்துக்குப் போவதே பெரும்பாடு!

கில்கிட் பகுதியில் பலருக்குக் கழுத்தின் முன்பக்கம் பந்துபோல வீங்கியிருந்தது. இதை முன்கழுத்துக் கழலை என்பார்கள். மெக்காரிசன் இதைச் சும்மா பார்த்துவிட்டுப் போகவில்லை. ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் கிராமங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் போய்ப் பார்த்தார். மேலே இருந்த கிராமத்தில் கழலை குறைவு. கீழே போகப் போக அதிகம்! அப்படியானால் தண்ணீரில்தான் ஏதோ இருக்கிறது என்று நினைத்தார். அந்தத் தண்ணீரின் கசடை மற்றவர்களுக்குக் கொடுத்துப் பார்த்ததோடு நிற்கவில்லை. தானும் குடித்துப் பார்த்தார்!

கழலைக்கு முக்கியக் காரணம் அயோடின் சத்துக் குறைவு என்பது இன்று நமக்குத் தெரியும். அதனால்தான் நம் வீட்டு உப்பில் அயோடின் சேர்க்கிறார்கள். மெக்காரிசன் நினைத்தது முழுவதும் சரியில்லை. ஆனால், நோயாளியை மட்டும் பார்க்காமல், அவர் என்ன குடிக்கிறார், என்ன சாப்பிடுகிறார் என்று பார்க்கும் பழக்கம் அவருக்கு அங்கேதான் வந்தது.

கில்கிட்டுக்கு வடக்கே ஹன்சா என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே இருந்தவர்கள் நல்ல உடற்கட்டோடு மலை ஏறி இறங்குவதைப் பார்த்து அவர் வியந்து போனார். தவிடு நீக்காத தானிய ரொட்டி, கீரை, காய்கறி, வாதுமைப் பழம் எனப்படும் ஆப்ரிகாட், பால், வெண்ணெய் ஆகியவைதான் அவர்கள் சாப்பாடு. ஹன்சா மக்கள் நூறு வயதைத் தாண்டி வாழ்வார்கள் என்று பின்னாளில் சிலர் கதை கட்டினார்கள். அதற்குச் சான்று இல்லை. ஆனால், சாப்பாட்டுக்கும் உடல் வலிமைக்கும் உள்ள தொடர்பு மெக்காரிசன் மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டது.

குன்னூரில் ஒரே ஒரு அறை

முதல் உலகப் போரின்போது மெக்காரிசன் எகிப்தில் ராணுவ டாக்டராக வேலை செய்தார். அங்கே அவர் உடல்நலம் கெட்டது. 1918-இல் அவர் குன்னூருக்கு வந்து சேர்ந்தார்.

குன்னூரில் பாஸ்டர் நிலையம் இருப்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். சிம்ஸ் பூங்காவுக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். வெறிநாய்க்கடிக்குத் தடுப்பு மருந்து தயாரிப்பதற்காக 1907-இல் தொடங்கிய நிலையம் அது. அங்கே மெக்காரிசனுக்குக் கிடைத்தது ஒரே ஒரு அறை. அதுதான் அவருடைய ஆய்வுக்கூடம்!

அப்போது அவர் முன்னால் இருந்த பெரிய கேள்வி, பெரிபெரி என்ற நோய். இந்த நோய் வந்தால் கால்கள் மரத்துப் போகும். நடக்க முடியாது. சிலருக்கு உடம்பு வீங்கி, இதயம் பலவீனமாகி உயிரே போய்விடும். அன்றைய சென்னை மாகாணத்தின் வடபகுதியில், அதாவது இன்றைய ஆந்திரக் கடற்கரையில், இந்த நோய் அதிகம். ஆச்சரியம் என்னவென்றால், நோயாளிகளில் பலர் பட்டினி கிடந்தவர்கள் அல்லர். மூன்று வேளையும் சோறு சாப்பிட்டவர்கள்!

தவிட்டில் இருந்த ரகசியம்

ஜாவா தீவில் எய்க்மான் என்ற டச்சு டாக்டர் இதற்கு ஒரு துப்பு கண்டுபிடித்திருந்தார். தீட்டிய வெள்ளை அரிசியை மட்டும் தின்ற கோழிகளுக்குப் பெரிபெரி போன்ற நோய் வந்தது. தவிட்டோடு கூடிய அரிசியைக் கொடுத்ததும் குணமாகிவிட்டது! அப்படியானால் தவிட்டில் ஏதோ ஒன்று இருக்கிறது. அந்த மாதிரிப் பொருட்களுக்குத்தான் பின்னாளில் வைட்டமின் என்று பெயர் வந்தது. தவிட்டில் இருந்தது வைட்டமின் பி1.

மெக்காரிசன் குன்னூரில் புறாக்களுக்குத் தீட்டிய அரிசியைக் கொடுத்து, அவற்றின் உடலில் என்னென்ன நடக்கிறது என்று ஆராய்ந்தார். கால்கள் மட்டுமல்ல, இரைப்பை, குடல், இதயம் என்று உடம்பின் ஒவ்வொரு உறுப்பும் பாதிக்கப்படுவதைக் கண்டார். குரங்குகளுக்கும் சத்தில்லாத உணவைக் கொடுத்துப் பார்த்தார். அங்கேயும் அதே கதைதான்.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனித்தீர்களா? ஆலைகள் வந்த பிறகு நெல்லைத் தீட்டித் தீட்டி அரிசியை மல்லிகைப்பூ மாதிரி வெள்ளையாக்கினார்கள். அப்போது தவிடு தனியே போய்விட்டது. அந்தத் தவிடு எங்கே போனது? மாட்டுத் தொட்டிக்கு! சத்தான பகுதி மாட்டுக்கு, சத்துப் போன பகுதி மனிதனுக்கு. மாடு அந்தச் சத்தைத் தின்று பால் கொடுத்தது. அந்தப் பாலைக் குடித்திருந்தாலாவது பரவாயில்லை. ஏழை வீடுகளில் அதையும் விற்றுவிட்டார்கள்!

இன்னொரு செய்தியும் கேளுங்கள். தமிழ்நாட்டில் பெரிபெரி குறைவாக இருந்ததற்கு நம் புழுங்கல் அரிசிதான் காரணம். நெல்லை அவித்துக் காயவைக்கும்போது தவிட்டில் உள்ள பி1 சத்தின் ஒரு பகுதி அரிசிக்குள்ளே போய்விடுகிறது. அதற்குப் பிறகு தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. நம் பாட்டிமார்களுக்கு வைட்டமின் என்ற சொல் தெரியாது. ஆனாலும், அவர்கள் செய்த வேலை உயிரைக் காப்பாற்றியது!

ஆய்வுக்கூடத்துக்குப் பூட்டு!

இப்படி வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது உடல்நலக் குறைவால் மெக்காரிசன் இங்கிலாந்து போக வேண்டியதாயிற்று. அங்கேயும் சும்மா இருக்கவில்லை. சத்துக் குறைவு நோய்கள் பற்றி எழுதிய நூலை 1921-இல் வெளியிட்டார். 1922-இல் மறுபடி குன்னூர் வந்தார்.

ஆனால், அடுத்த ஆண்டே ஒரு பேரிடி! செலவைக் குறைக்க வேண்டும் என்று சொல்லி, 1923-இல் அரசு அவருடைய ஆராய்ச்சியை நிறுத்திவிட்டது. யோசித்துப் பாருங்கள். நாட்டில் லட்சக்கணக்கான குழந்தைகள் சத்தில்லாமல் வாடுகிறார்கள். காரணத்தைத் தேடிக்கொண்டிருக்கும் ஆய்வுக்கூடத்துக்கோ பணம் இல்லை!

மெக்காரிசன் மனம் தளரவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1925-இல் ஆராய்ச்சி மீண்டும் தொடங்கியது. இந்த முறை அவர் செய்த சோதனைதான் உலகையே குன்னூர் பக்கம் திரும்பிப் பார்க்க வைத்தது.

ஏழு கூண்டுகள், ஏழு சாப்பாடு

ஆய்வுக்கூடத்தில் எலிகளை வளர்த்து வந்தார் மெக்காரிசன். அவற்றுக்கு அவர் கொடுத்த சாப்பாட்டைக் கேட்டால் உங்களுக்கே நாக்கில் எச்சில் ஊறும்! வெண்ணெய் தடவிய முழுக்கோதுமைச் சப்பாத்தி, முளைகட்டிய கொண்டைக்கடலை, பச்சைக் கேரட், முட்டைக்கோஸ், பால், வாரத்துக்கு ஒரு முறை கொஞ்சம் இறைச்சி. பஞ்சாபில் சீக்கியர்கள் சாப்பிடும் உணவு இது. இப்படி வளர்ந்த 1,189 எலிகளை அவர் ஆராய்ந்து பார்த்தார். நோய் என்பதே அவற்றில் ஏறக்குறைய இல்லை! குறையுள்ள உணவு தின்ற இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளையும் ஆராய்ந்தார். அவற்றிலோ நுரையீரல் நோய், வயிற்றுப் புண், கண் நோய், தோல் நோய் என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது.

அடுத்து ஒரு போட்டி வைத்தார். ஒரே வயதுள்ள இளம் எலிகளை ஏழு குழுக்களாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு 20 எலிகள். ஒவ்வொரு குழுவுக்கும் இந்தியாவின் ஒவ்வொரு பகுதி மக்கள் சாப்பிடும் சாப்பாடு. சீக்கியர், பத்தானியர், மராட்டியர், கூர்க்காக்கள், கன்னடர், வங்காளிகள், சென்னை மாகாணத்தவர் என்று ஏழு வகை. சில மாதங்கள் கழித்து எடை பார்த்தார்.

சீக்கியச் சாப்பாடு சாப்பிட்ட எலிகளின் சராசரி எடை 235 கிராம். முதலிடம்! அப்படியே குறைந்துகொண்டே வந்து, கடைசி இடத்தில் நின்ற எலிகளின் எடை வெறும் 155 கிராம்தான். கடைசி இடம் யாருடைய சாப்பாட்டுக்கு என்று கேட்கிறீர்களா? வருத்தப்படாதீர்கள். நம் சென்னை மாகாணச் சாப்பாட்டுக்குத்தான்!

ஏன் அப்படி? தீட்டித் தீட்டி வெளுத்த அரிசி. அதையும் பலமுறை கழுவி, கஞ்சியையும் வடித்துவிட்ட சோறு. பருப்பும் காய்கறியும் போதாது. பால் மிகவும் குறைவு. நம் வைக்கோல் பசுவை நினைத்துக்கொள்ளுங்கள். வயிறு நிறைந்தது, ஆனால், உடம்புக்கு வேண்டியது போய்ச் சேரவில்லை!

ஒன்றை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். எந்த ஊர்க்காரர் உயர்ந்தவர், எந்த ஊர்க்காரர் தாழ்ந்தவர் என்பதல்ல இந்தச் சோதனை. எல்லாக் கூண்டிலும் இருந்தவை ஒரே மாதிரி எலிகள்தான். மாறியது தட்டு மட்டுமே! தட்டை மாற்றினால் யாரும் முன்னேறலாம் என்பதே இதன் நல்ல செய்தி.

தம் சொந்த நாட்டுச் சாப்பாட்டையும் மெக்காரிசன் விட்டுவைக்கவில்லை. இங்கிலாந்து ஏழைகள் சாப்பிட்ட வெள்ளை ரொட்டி, மார்கரின், டின் இறைச்சி, ஜாம், சர்க்கரை போட்ட தேநீர் ஆகியவற்றை ஒரு கூட்டம் எலிகளுக்குக் கொடுத்தார். அவை வளரவில்லை. எதற்கெடுத்தாலும் சீறின. 60 நாட்களுக்குள் ஒன்றையொன்று கடித்துக் கொல்லவே தொடங்கிவிட்டன! ஜன்னலுக்கு வெளியே மலையெல்லாம் தேயிலை. அதற்காகத் தேநீரும் ரொட்டியும் மட்டும் சாப்பாடு ஆகிவிடுமா?

மண், புல், பசு, பிள்ளை

மெக்காரிசன் அத்துடன் நிற்கவில்லை. தானியத்துக்குச் சத்து எங்கிருந்து வருகிறது என்று யோசித்தார். மலையடிவாரத்தில் உள்ள கோயம்புத்தூரில் விஸ்வநாத் என்ற வேளாண் வேதியியல் அறிஞர் இருந்தார். இருவரும் சேர்ந்து ஆராய்ந்து, சாணி எரு போட்டு விளைந்த தானியம், ரசாயன உரம் போட்டு விளைந்த தானியத்தைவிடச் சத்தானது என்று 1926-இல் எழுதினார்கள். இதைப் பற்றி விஞ்ஞானிகளிடையே பிறகு பல விவாதங்கள் நடந்தன. ஆனால், மண்ணையும் பயிரையும் மாட்டையும் மனிதனையும் ஒரே சங்கிலியாகப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் இன்றும் மதிக்கப்படுகிறது.

அதே 1926-இல் இந்திய வேளாண்மையை ஆராய ஓர் அரச ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் முன்பும் மெக்காரிசன் தம் கருத்தை எடுத்து வைத்தார். மக்களின் சத்துக் குறைவைப் போக்குவது டாக்டர்களால் மட்டும் முடியாது, விவசாயமும் கைகொடுக்க வேண்டும் என்பது அவர் வாதம்.

அவர் சொன்ன சங்கிலியைப் பாலில் வைத்துப் பார்ப்போமா? கேரட்டில் உள்ள கரோட்டின் என்ற சத்து பசும்புல்லிலும் இருக்கிறது. பசு அதைத் தின்றால் பாலிலும் வெண்ணெயிலும் இளமஞ்சள் நிறம் தெரியும். அந்தச் சத்து நம் உடம்பில் வைட்டமின் ஏ ஆகி, மாலைக்கண் நோய் வராமல் காக்கிறது. காய்ந்துபோன வைக்கோலில் கரோட்டின் மிகவும் குறைவு. ஆகவே, பசுவின் தீவனம் மாறினால் பாலின் அளவு மட்டுமல்ல, தரமும் மாறுகிறது!

நீலகிரியில் இது முக்கியமான விஷயம். டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனி விழுந்தால் புல்வெளி கருகிவிடும். பால் குறைந்துவிடும். முன்யோசனை உள்ளவர்கள் மழைக்காலத்திலேயே புல்லைப் பதப்படுத்தி வைத்துக்கொள்கிறார்கள். இதற்கு ஊறுகாய்ப்புல் என்று பெயர்! பச்சைப்புல், பயறுவகைத் தழை, உலர்ந்த தீவனம் மூன்றும் கலந்து கொடுக்க வேண்டும் என்கிறார்கள் கால்நடை டாக்டர்கள். கறக்கும் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ அடர்தீவனம் என்பது ஒரு கணக்கு. தண்ணீரையும் மறக்கக் கூடாது. பாலில் 100-க்கு 87 பங்கு தண்ணீர்தானே!

உங்களுக்காக ஒரு புத்தகம்

பெரிய விஞ்ஞானியாக இருந்தும் மெக்காரிசன் பள்ளிப் பிள்ளைகளை மறக்கவில்லை. 1928-இல் உணவைப் பற்றி எளிமையான ஒரு சிறு புத்தகம் எழுதினார். பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் படிப்பதற்காகவே எழுதிய புத்தகம் அது. ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்தது அடுப்படிக்குப் போய்ச் சேர வேண்டுமே! அதற்குப் பிள்ளைகளைவிட நல்ல தூதர்கள் யார்?

ஒரே அறையில் தொடங்கிய அவருடைய ஆய்வுக்கூடம் அதே 1928-இல் உணவூட்ட ஆராய்ச்சிக் கூடமாக வளர்ந்தது. அவரே அதன் முதல் இயக்குநர். 1933-இல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. 1935-இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து போய், ஆக்ஸ்ஃபோர்டு நகரில் வாழ்ந்தார். 1960-ஆம் ஆண்டு மே 18-ஆம் தேதி, 82-வது வயதில் காலமானார்.

குன்னூர் ஆய்வுக்கூடம் என்ன ஆனது? 1958-இல் அது ஹைதராபாத்துக்கு இடம் மாறியது. 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரோடு விளங்குகிறது. இந்தியர்கள் எந்த வயதில் எவ்வளவு சத்து சாப்பிட வேண்டும் என்பதை இன்று நாட்டுக்கே எடுத்துச் சொல்வது அந்த நிறுவனம்தான். அதன் வேர் நம் நீலகிரியில் இருக்கிறது!

உங்கள் தட்டில் என்ன இருக்கிறது?

1998 முதல் பால் உற்பத்தியில் உலகிலேயே முதலிடம் இந்தியாவுக்குத்தான். இருந்தும், இரத்தசோகையாலும் சத்துக் குறைவாலும் வாடும் குழந்தைகள் நம் நாட்டில் இன்னும் ஏராளம். மெக்காரிசன் தொடங்கிய வேலை இன்னும் முடியவில்லை, குழந்தைகளே!

அதில் உங்கள் பங்கும் இருக்கிறது. இன்று இரவு சாப்பிட உட்காரும்போது தட்டை ஒரு நிமிடம் பாருங்கள். வெள்ளைச் சோறு மட்டும் மலைபோலக் குவிந்திருக்கிறதா? பருப்பு இருக்கிறதா? கீரை இருக்கிறதா? காயை ஓரமாக ஒதுக்கி வைத்திருக்கிறீர்களா? பஞ்சாபுக்குப் போய்ச் சப்பாத்தி தேட வேண்டாம். நம்மிடமே கேழ்வரகு, கம்பு, கைக்குத்தல் அரிசி, முளைகட்டிய பயறு, முருங்கைக்கீரை, மோர் எல்லாம் இருக்கின்றன. பாக்கெட் சிப்ஸும் பிஸ்கட்டும் வயிற்றை நிறைக்கும். வைக்கோலும் அப்படித்தான் பசுவின் வயிற்றை நிறைத்தது!

அடுத்த முறை குன்னூருக்குப் போனால் மலை ரயிலையும் தேயிலைத் தோட்டத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். பாஸ்டர் நிலையத்தைத் தாண்டும்போது, அங்கே ஓர் அறையில் எலிகளுக்குக் கேரட் கொடுத்து, நமக்குப் பாடம் சொன்ன டாக்டரையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். அப்படியே வீட்டுக்குத் திரும்பும்போது ஒரு கட்டு ஊட்டிக் கேரட்டும் வாங்கி வாருங்கள். எலிகளுக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் அது நல்லதுதான்!